சயாமியச் சாப்பாட்டுக் கடை: சில குறிப்புகள்

உணவின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பொதுவாக அரண்மனைச் சமையலறையில் ஆரம்பித்து அங்கேயே முடித்துவிடுகிறார்கள். சயாம் விஷயத்திலும் இதுதான் நடந்திருக்கிறது. பின்னால் இரண்டாம் ராமா என்று முடிசூடிய இளவரசர் (ஆட்சி 1809–1824) அரண்மனைச் சமையலைப் புகழ்ந்து ஒரு செய்யுள் இயற்றினார். அதில் மஸ்ஸமான் குழம்பு வருகிறது. ஆகவே அது தொன்மையானது, தூயது, தேசத்தின் சொத்து. வாதம் இவ்வளவுதான். மஸ்ஸமான் என்ற சொல்லே முஸல்மான் என்பதன் திரிபு என்பதும், பாரசீக வியாபாரிகள் அயூத்தியாவில் குடியேறியதன் ஞாபகம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதும் இந்த வாதத்தைத் தொந்தரவு செய்வதில்லை.

இன்று எந்தப் பெரிய நகரத்திலும் தெருமுனையில் இருக்கும் பத்து மேஜைக் கடையில் போய் உட்கார்கிறவனிடம் ஓர் உணவுப் பட்டியல் நீட்டப்படுகிறது. தோம் யாம், பச்சைக் குழம்பு, மஸ்ஸமான், பட் தாய், பப்பாளிக்காய் சோம் தம், துளசி போட்டு வறுத்த இறைச்சி. மேலே ஒரே சொல்: தாய். (தமிழில் இதை எழுதும்போது அம்மா கைச்சாப்பாடு என்ற அர்த்தம் வந்துவிடுகிறது. பெரிய தவறில்லை. அந்த அரசாங்கம் விரும்பியதும் ஏறக்குறைய இதைத்தான்.) இந்தப் பட்டியல் யாரால் எழுதப்பட்டது என்பதுதான் என் கேள்வி. யார் சமைத்தது என்பதைவிட இது சுவாரஸ்யமான கேள்வி என்று நினைக்கிறேன்.

சயாமைப் பற்றித் தமிழில் எழுதினால் நம்மவர்கள் எதிர்பார்ப்பது எதை என்று தெரியும். தகுவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு. அவனிநாரணம் என்ற குளம். அதைக் காத்த மணிக்கிராமத்தார். அரண்மனைப் பிராமணர்கள் பாடிவந்த திருவெம்பாவை. 1935 வரை நடந்த ஊஞ்சல் திருவிழா. பாங்காக் சீலோம் சாலையில் இருக்கும் மாரியம்மன் கோயில். எல்லாம் உண்மை. எல்லாவற்றையும் பலமுறை எழுதியாகிவிட்டது. கடல் கடந்து போனால் முதலில் தன் முகம் தெரியும் கண்ணாடியைத் தேடுவது ஒருவித வியாதி. சாப்பாட்டிலும் அப்படித் தேடலாம், கிடைக்கும். அங்கே கேங் கரி என்று மஞ்சள் குழம்பு ஒன்று உண்டு. கேங் என்பதே அவர்களுடைய சொல். குழம்பு என்று பொருள். பக்கத்தில் நிற்கும் கரி நம்முடைய கறிதான், ஆனால் நம்மிடமிருந்து நேராகப் போனதல்ல. வெள்ளைக்காரன் டப்பாவில் அடைத்த மசாலாப் பொடியாகிச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. அதேபோல் கப்ராவ் என்று அவர்கள் சொல்லும் இலை நம் வீட்டு மாடத்துத் துளசி. அங்கே அதைப் பூண்டு, மிளகாய், கொத்திய பன்றிக்கறியோடு வாணலியில் போட்டுப் புரட்டுகிறார்கள். சொந்தம் கொண்டாடப் போகிறவர்கள் இதையும் சேர்த்துக் கொண்டாடட்டும்.

1687இல் பதினான்காம் லூயியின் தூதராகப் போன லா லூபேர், சயாமியர்கள் சோற்றையும் கருவாட்டையும் கொண்டு மிகக் குறைவாகச் சாப்பிடுகிறவர்கள் என்று வியந்து எழுதினார். பிரெஞ்சு அரசவையிலிருந்து போனவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். சோற்றைச் சுற்றியே எல்லாம் என்பது மட்டும் இன்றும் உண்மை. சாப்பிடுவதற்கு அவர்கள் மொழியில் 'கின் காவ்', அதாவது சோறு தின்பது. எதிர்ப்படுகிறவரை நலம் விசாரிப்பதும் சோறு தின்றாயிற்றா என்றுதான். இதை நமக்கு விளக்க வேண்டியதில்லை. சோற்றோடு சேர்வதுதான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. போர்த்துகீசியர் அயூத்தியாவுக்கு வந்தது 1511இல். மிளகாயும் பப்பாளியும் வேர்க்கடலையும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குகள். ஐரோப்பியக் கப்பல்கள் கடல்களை இணைத்த பிறகே இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவை. சயாமின் புகழ்பெற்ற முட்டைக்கரு இனிப்புகளைப் புகுத்தியவர் என்று சொல்லப்படுகிற மரியா குயோமார் த பின்யா போர்த்துகீசிய, ஜப்பானிய ரத்தம் கலந்தவர். 1688இல் தலை வெட்டப்பட்ட கிரேக்க மந்திரி ஃபால்கனின் விதவை. ஆக, தூய்மை என்ற பேச்சை இங்கேயே விட்டுவிடலாம். மிளகாயை வைத்துக்கொண்டு நாமும் அதைப் பேச முடியாது.

கடை எப்போது வந்தது? வீட்டில் சமைத்துச் சாப்பிடுகிற சமுதாயத்துக்குக் கடை தேவையில்லை. குடும்பமில்லாத ஆண்கள் கூட்டமாகக் கூலிக்கு வரும்போதுதான் சாப்பாடு விலைக்கு வருகிறது. 1855இல் பிரிட்டனோடு செய்துகொண்ட பௌரிங் ஒப்பந்தத்துக்குப் பிறகு சயாம் அரிசி ஏற்றுமதி நாடாயிற்று. ஆலைகளிலும் துறைமுகத்திலும் கால்வாய் வெட்டுவதிலும் வேலை செய்யத் தென்சீனத்திலிருந்து, பெரும்பாலும் தியோசூ பேசுகிறவர்கள், கப்பல் கப்பலாக வந்தார்கள். அவர்களுக்குச் சோறும் கஞ்சியும் நூடுல்ஸும் விற்றவர்களும் அவர்களே. தோளில் காவடி போல மூங்கிலைப் போட்டு, ஒரு முனையில் அடுப்பும் மறுமுனையில் கிண்ணங்களுமாகத் திரிந்தவன்தான் பாங்காக்கின் முதல் ஓட்டல் முதலாளி. சயாமியர்கள் அவனிடம் வாங்கிச் சாப்பிடப் பழகினார்கள். 1908ஐ ஒட்டி ஒரு பிரபுகுலப் பெண்மணி முதல் பெரிய சயாமியச் சமையல் நூலைத் தொகுத்து வெளியிட்டார். மேல்வீட்டுச் சமையல் அச்சில் ஏறியது. தெருவில் கிண்ணத்தில் ஏறியதை யாரும் தொகுக்கவில்லை.

கரண்டியும் முள்கரண்டியும் இதே காலத்து விஷயம். சயாமியர்கள் கையால் சாப்பிட்டவர்கள். சூளலங்கோன் அரசர் (1868–1910) காலத்தில் அரசவை மேனாட்டு மேஜைக்கு மாறிற்று. காலனியாகாமல் தப்பிக்க வேண்டுமென்றால் காலனியாட்சிக்காரனைப் போல நடந்துகொள்வது அவசியம் என்ற கணக்கு. ஆனால் கத்தியை விட்டுவிட்டார்கள். வலது கையில் கரண்டி. இடது கையில் இருக்கும் முள்கரண்டி சோற்றைக் கரண்டிக்குள் தள்ளுவதற்கு மட்டும். இந்த ஏற்பாடு மெதுவாகக் கீழே இறங்கித் தெருக்கடையின் தகர மேஜை வரை வந்துவிட்டது. குச்சிகள் நூடுல்ஸுக்கு மட்டும். இஸான் பிரதேசத்தில் ஒட்டரிசிச் சோற்றை இன்றும் கையால்தான் உருட்டுகிறார்கள்.

இனிப் பிபூன் சொங்க்ராம். இந்த மனிதரைத் தவிர்த்துவிட்டுச் சயாமியச் சாப்பாட்டைப் பற்றிப் பேச முடியாது. 1932இல் முடியாட்சியின் அதிகாரத்தை முறித்த கூட்டத்தில் ஒருவர், 1938இல் பிரதமர், பிறகு சர்வாதிகாரி. 1939 ஜூனில் சயாம் என்ற பெயரைத் தாய்லாந்து என்று மாற்றினார். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அதில் மக்களில் பாதிப்பேரின் அடையாளம் இருந்தது. சயாம் என்பது ஓர் இடத்தின் பெயர். அங்கே சீனன், லாவோக்காரன், மலாய்க்காரன், மோன், கெமர் எல்லோரும் இருக்கலாம். தாய்லாந்து என்பது ஓர் இனத்தின் பெயர். அதே ஆண்டிலிருந்து 1942 வரை பன்னிரண்டு கலாச்சார ஆணைகள் வந்தன. தொப்பி அணிவது, செருப்பு அணிவது, தேசிய கீதத்துக்கு நிற்பது. 1939 நவம்பரில் வந்த ஆணை, நாட்டில் விளைந்ததிலிருந்து தயாரித்த உணவையே உண்ண முயல வேண்டும் என்றது. 1941 செப்டம்பரில் வந்தது, உரிய நேரத்தில், நாளைக்கு நான்கு வேளைக்கு மிகாமல் உண்ணவேண்டும் என்றது. வெற்றிலை போடுவது தடை செய்யப்பட்டது. பாக்கு மரங்கள் வெட்டப்பட்டன. தன் குடிகளின் வாய்க்குள் இவ்வளவு தூரம் கையை விட்ட அரசுகள் சரித்திரத்தில் அதிகமில்லை.

1942இல் பாங்காக்கில் பெருவெள்ளம். ஜப்பானியப் படை உள்ளே இருந்தது, யுத்தம், அரிசித் தட்டுப்பாடு. அரசாங்கம் நூடுல்ஸ் சாப்பிடச் சொல்லிப் பிரசாரம் ஆரம்பித்தது. மதிய உணவுக்கு நூடுல்ஸ் என்பது கோஷமாயிற்று. செய்முறைகள் அச்சடித்து விநியோகிக்கப்பட்டன. தள்ளுவண்டி வைத்து விற்க ஊக்கம் தரப்பட்டது. இதில் விசேஷம் என்னவென்றால், அதே அரசாங்கம் அதே ஆண்டுகளில் சீனர்களைத் தொழில்களிலிருந்து விரட்டிக்கொண்டிருந்தது. 1942இல் பல தொழில்கள் தாய் பிரஜைகளுக்கே என்று ஒதுக்கப்பட்டன. ஆக, சீனன் போகவேண்டும், அவன் கிண்ணத்திலிருந்த நூடுல்ஸ் தங்க வேண்டும். குவாய்தியாவ் என்ற பெயரே சீனப் பெயர். அந்தத் தட்டையான அரிசி நூடுல்ஸைச் சீன வாணலியில், சீன முறையில் வறுத்து, புளி, பனைவெல்லம், மீன் சாறு, உலர்ந்த இறால் சேர்த்தால் பட் தாய், அதாவது தாய் வறுவல். இதை பிபூன் வீட்டிலேயே கண்டுபிடித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. தெருவில் முன்பே இருந்தது என்று இன்னொரு கதை. யார் முதலில் வறுத்தார்கள் என்பது முக்கியமில்லை. பெயர் வைத்ததுதான் சம்பவம். ஓர் அந்நியப் பண்டத்தின் மேல் தேசத்தின் பெயரை ஒட்டி, ஒட்டியவர்களை மறந்துவிடச் செய்வது சாமான்யமான சாதனை இல்லை. பிபூனின் பாட்டனாரே சீனர் என்பார்கள்.

தேசம் நூடுல்ஸ் வறுத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் நாட்டின் மேற்கே ஜப்பானியர்கள் பர்மாவுக்கு ரயில்பாதை போட்டார்கள். 1943 அக்டோபரில் அது முடிந்தது. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பிடித்தும் கொண்டுபோன தமிழர்கள் ஆயிரமாயிரமாக அங்கே காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். கொஞ்சம் சோறு, கருவாடு. பல நாள் அதுவும் இல்லை. லா லூபேர் வியந்த சாப்பாடு. நம் கட்டுரைகளில் தகுவாபாக் கல்வெட்டுக்குக் கிடைத்த இடத்தில் பத்தில் ஒரு பங்கு இவர்களுக்குக் கிடைத்ததில்லை.

பட்டியலில் அடுத்து வரும் சோம் தம் இன்னொரு கதை. பப்பாளிக்காயை மர உரலில் மிளகாய், எலுமிச்சை, மீன் சாறோடு இடித்துக் கலப்பது. வடகிழக்கில், இஸானில், மேகாங் நதிக்கு அக்கரையிலும் இக்கரையிலும் ஒரே மொழி பேசுகிற லாவோ மக்களின் உணவு. 1900ஐ ஒட்டி நிர்வாகச் சீர்திருத்தத்தின் பெயரால் அந்த மாகாணங்களின் பெயரிலிருந்து லாவோ என்ற சொல் எடுக்கப்பட்டது. இஸான் என்றால் வெறும் வடகிழக்கு. நம்முடைய ஈசானிய மூலைதான். சமஸ்கிருதம் போன இடமெல்லாம் இப்படிப்பட்ட காரியங்களுக்குப் பயன்பட்டிருக்கிறது. ஓர் இனத்தின் பெயரை அழித்து ஒரு திசையின் பெயரை வைத்தார்கள். 1950களிலும் 60களிலும் அமெரிக்கப் பணத்தில் சாலைகள் வந்தபோது, அந்தத் திசையிலிருந்து மக்கள் பாங்காக்குக்கு வந்தார்கள். கட்டடம் கட்ட, ரிக்ஷா மிதிக்க, வீட்டு வேலை செய்ய. குத்துச்சண்டை அரங்கத்தைச் சுற்றிச் சுட்ட கோழியும் சோம் தம்மும் விற்றார்கள். நகரத்தார் அவர்கள் பேச்சைக் கேலி செய்தார்கள், உணவை மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள், பிறகு அதன் நொதித்த மீன் வாடையைக் குறைத்து, வேர்க்கடலையும் வெல்லமும் சேர்த்து 'தாய் சாலட்' ஆக்கினார்கள். சீனனுக்கு நடந்ததுதான் லாவோக்காரனுக்கும் நடந்தது. சமைத்தவன் பட்டியலுக்கு வெளியே, சமைத்தது உள்ளே.

இவ்வளவு சொன்ன பிறகும் அந்தக் கடைகள் எனக்குப் பிடித்தவை என்பதை மறைக்க முடியவில்லை. காவ் கேங் கடை, அதாவது சோறும் குழம்பும். தெருவோரத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பத்துப் பதினைந்து தட்டங்களில் விடியற்காலையிலேயே சமைத்து வைத்திருக்கிறார்கள். விரலால் காட்ட வேண்டியதுதான். ஒரு தட்டுச் சோற்றின் மேல் இரண்டு கரண்டி விழும். பக்கத்தில் 'சொன்னபடி செய்யும் கடை'. பெயரே அதுதான், பட்டியல் இருந்தாலும் யாரும் பார்ப்பதில்லை. சொல்ல ஒன்றும் தோன்றாதபோது துளசி வறுவலும் மேலே ஒரு பொரித்த முட்டையும் என்பார்கள். யோசனை வற்றியவனின் சாப்பாடு என்று அதற்கு அவர்களே வைத்த பெயர். ஒரு முழு நகரத்தின் மத்தியான அலுப்பை இதைவிட நேர்மையாகச் சொன்ன சொல்லைக் கேட்டதில்லை.

நூடுல்ஸ் கடை மேஜையில் நான்கு சிறு கிண்ணங்கள்: மிளகாய்ப் பொடி, மிளகாய் போட்ட வினிகர், மிளகாய் போட்ட மீன் சாறு, சர்க்கரை. சமைத்தவன் தருவது பாதி. உறைப்பும் புளிப்பும் உப்பும் இனிப்பும் சாப்பிடுகிறவன் முடித்துக்கொள்ள வேண்டியது. நூடுல்ஸின் மேல் சர்க்கரையை அள்ளிப் போடுகிற ஒருவனும் மிளகாயில் குளிப்பாட்டுகிற ஒருவனும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். யாருடையது சரியான ருசி என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. சரியான தாய் ருசி என்று ஒன்று உண்டென்று பின்னால் நிச்சயித்தவர்கள் இந்த நான்கு கிண்ணங்களை எங்கே வைத்தார்கள் என்று எனக்கு ஆச்சரியம்.

வேலைக்குப் போகும் பெண்கள் மாலையில் இந்தக் கடைகளில் குழம்பை பிளாஸ்டிக் பையில் வாங்கி, ரப்பர் வளையம் போட்டு எடுத்துப் போனபோது அவர்களுக்கு பிளாஸ்டிக் பை இல்லத்தரசிகள் என்று பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். அடுப்பே இல்லாத ஒற்றை அறையில் எட்டு மணிக்கு வந்து சேருகிறவளை அம்மியில் அரைக்கச் சொல்கிற கலாச்சாரக் காவலர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

கடல் கடந்து போனதற்கு யுத்தம் காரணம். வியட்நாம் போரின் உச்சத்தில் சுமார் 50,000 அமெரிக்கச் சிப்பாய்கள் தாய்லாந்தின் தளங்களில் இருந்தார்கள். திரும்பியவர்களுக்கு நாக்கில் ருசி இருந்தது. 1965இல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் தளர்ந்தது. லாஸ் ஏஞ்சலீஸில் 1971இல் முதல் தாய் மளிகைக் கடை திறந்தது. அதுவரை கிடைக்காத இலைக்கும் வேருக்கும் பதில் எது கிடைத்ததோ அதைப் போட்டுச் சமைத்தார்கள். பட் தாயில் தக்காளி சாஸ் ஊற்றியதும் இப்படித்தான். கரண்டியால் சாப்பிடுகிற சோற்றுக்கு வாடிக்கையாளர்கள் குச்சி கேட்டார்கள், ஆசியா என்றால் குச்சி என்று. கொடுத்தார்கள். பிழைக்கப் போனவன் பாடம் நடத்த முடியாது.

பாடத்தை அரசாங்கம் நடத்த முன்வந்தது. 2002இல் தக்ஸின் அரசு உலகெங்கும் தாய் உணவகங்களைப் பெருக்கும் திட்டத்தை அறிவித்தது. அப்போது வெளிநாடுகளில் சுமார் 5,500 கடைகள். பத்தாண்டுக்குள் பதினாயிரத்தைத் தாண்டின. பயிற்சி, கடன், முத்திரை எல்லாம் உண்டு. மூன்று மாதிரிக் கடைகளை அதிகாரிகள் வரைந்தார்கள்: அவசரக்காரனுக்கு 'யானைத் தாவல்', நடுத்தரத்துக்கு 'குளிர்ந்த துளசி', பணக்காரனுக்கு 'பொன்னிலை'. தற்செயலாக நுழைந்து, தற்செயலாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிற கடையும் ஓர் இலாகாவின் வரைபடமாகிவிட்டது. 2014இல் இன்னும் ஒரு படி. உணவின் அசல் தன்மையை அளக்க ஓர் இயந்திரம் வந்தது. சாற்றை ஊற்றினால் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் தரும். நூறு மதிப்பெண்ணுக்கான பச்சைக் குழம்பை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? ஒரு பல்கலைக்கழகத்தில் சுமார் 120 பேரைச் சுவைக்கச் சொல்லி, அதிகம் பேருக்குப் பிடித்ததை அசல் என்று வைத்துக்கொண்டார்கள். இலக்கியத்தில் இதை நாம் சர்க்குலேஷன் என்று சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

நடுவில் ஒரு கேலிக்கூத்து. 2008இல் பிரதமராக இருந்த சமக் சுந்தரவேஜ், ருசி பார்த்துக்கொண்டே முணுமுணுக்கும் ஒரு சமையல் நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் நடத்திவந்தார். பிரதமர் வேறிடத்தில் ஊழியராக இருக்கக்கூடாது என்பது சட்டம். அரசியல் சாசன நீதிமன்றம் 'ஊழியர்' என்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்டிப் பொருள் கண்டு, செப்டம்பர் 9 அன்று அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. 1976 அக்டோபரில் தம்மசாத் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கொல்லப்படுவதற்கு முன் அவர்களுக்கு எதிராக வெறியைக் கிளப்பியவர்களில் ஒருவர் இந்த சமக். அதற்காக எந்த நீதிமன்றமும் அகராதியைத் திறக்கவில்லை. வாணலிதான் அவரைக் கவிழ்த்தது.

2017இல் பாங்காக் மாநகராட்சி நடைபாதைக் கடைகளை அப்புறப்படுத்துவதில் மும்முரமாக இருந்தது. ஒழுங்கு, சுத்தம், பாதசாரிகளின் உரிமை என்று காரணங்கள். அதே ஆண்டில் சுற்றுலாத் துறை மிஷ்லின் என்ற பிரெஞ்சு டயர் கம்பெனியின் உணவு வழிகாட்டிக்கு ஐந்தாண்டுகளுக்கு 144 மில்லியன் பாட் தந்து அதை பாங்காக்குக்கு வரவழைத்தது. (1961இலேயே ஷெல் எண்ணெய்க் கம்பெனியின் பெயரில் நல்ல கடைகளுக்குப் பலகை கொடுக்கும் வழக்கம் இருந்தது. வண்டி ஓட்டத் தேவையானதை விற்கிறவர்களுக்கே எங்கே சாப்பிடலாம் என்று சொல்லும் உரிமை ஏன் போகிறது என்று தெரியவில்லை.) டிசம்பரில் வெளிவந்த முதல் பதிப்பில், கரி அடுப்பின் முன் கண்ணாடி மாட்டிக்கொண்டு நண்டு ஆம்லெட் பொரிக்கும் ஒரு வயதான பெண்மணிக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது. கடை வாசலில் வெளிநாட்டார் வரிசை. மற்ற தெருக்களில் மாநகராட்சி வண்டிகள்.

நகர்த்தப்பட்டவர்களில் பலர் சந்துகளுக்குள் போனார்கள். அங்கே இரண்டு மேஜை, ஒரு வாணலி, ஈயக் கிண்ணத்தில் சர்க்கரை. பலகையில் 'சொன்னபடி செய்யப்படும்' என்று மட்டும் எழுதியிருக்கும். தாய் என்ற சொல் பெரும்பாலும் அந்தப் பலகைகளில் இல்லை.